எந்த அட்டை வாங்குவது?

கிளமெண்டியில் ஒரு வீவக வீடு. வசந்தம் ஒளிவழியில் தொடர் ஒளியேறும் மாலை நேரத்தில் பாட்டி ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். “பதிவு செய்து வையேன், கண்ணு,” என்று பேரனிடம் கேட்கிறார். வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் தொலைக்காட்சி அட்டையைப் பொருத்தினால் பதிவுக் கருவியாகிவிடும். பத்து வெள்ளிக்குப் பழைய அட்டை ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

கூடாது. மீடியாகார்ப் 2013 டிசம்பரில் ‘டிவிபி-டி2’ என்னும் முறையில் மின்னிலக்க ஒளிபரப்பைத் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஆகவே, அனலாக் அட்டையால் இங்கு எந்த ஒளிவழியையும் பெற முடியாது. பெட்டியில் ‘டிவிபி-டி’ என்று மட்டும் இருந்தாலும் பயனில்லை. கடைசியில் இருக்கும் அந்த ‘2’ முக்கியம்.

கணினி பழையது என்று பேரன் கவலைப்பட வேண்டியதில்லை. அனலாக் காலத்தில் படத்தைச் சுருக்கும் வேலையைக் கணினியே செய்ய நேர்ந்தால் அது திணறும். மின்னிலக்க ஒளிபரப்பில் படம் சுருக்கப்பட்டே வருகிறது. கணினி அதை அப்படியே சேமித்தால் போதும்.

ஒரே நேரத்தில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு இன்னொன்றைப் பார்க்க இரட்டை அலைவாங்கி அட்டைகளும் உண்டு. ஆனால் தாத்தா தொலைக்காட்சிப் பெட்டியில்தானே பார்க்கிறார்! அந்தக் கூடுதல் செலவு எதற்கு?

பாட்டி கிளம்பும் நாளுக்கு முந்திய மாலையே ஒருமுறை பதிவு செய்து பார்த்துவிட வேண்டும். படம் உடைந்து உடைந்து தெரிந்தால், ஆன்டெனாவைச் சன்னலோரம் நகர்த்த அப்போது நேரமிருக்கும்.