முதுமையைத் தாங்க எத்தனை கைகள்?



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில் பங்கிலுள்ள நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்வது குருக்களின் வழக்கம். அவ்விதம் நாம் செல்லும் ஒரு வீட்டைப் பற்றி முதலிற் கூற வேண்டும். தாயார் எண்பது வயதைக் கடந்தவர். பாரிசவாதத்தினால் நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் நால்வர். மூவர் வெளிநாட்டில் இருந்து மாதந் தவறாது பணம் அனுப்புகின்றனர். கடைசி மகள் மட்டும் தாயோடு இருக்கிறாள். அவளுக்கே ஐம்பது வயதாகிவிட்டது. "காசுக்கு ஒரு குறையுமில்லை, சுவாமி. இரவிலை அம்மாவைப் பிரட்டிப் படுக்கவைக்க இன்னொரு ஆள் இல்லை. அதுதான் குறை" என்றாள். ஞாயிறு பூசைக்கு வந்து எட்டு மாதமாகிறது என்றும் தலைகுனிந்து சொன்னாள்.

அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள், அவளைத் தனியே விட்டுவிட்ட நாம் எல்லோருமே. முதியோரைப் பராமரிப்பது ஒருவருடைய வேலையன்று, பலர் பகிர வேண்டிய வேலை என்பதே இவ்வாரப் பாடம்.

மூப்படையும் நாடு

1946ஆம் ஆண்டளவில் இலங்கையிற் பிறந்த குழந்தை சராசரியாக 43 வயது வரையில் வாழும் என்றே கணக்கிடப்பட்டது. இன்று அக்கணக்கு 75 வயதையும் தாண்டிவிட்டது. மலேரியாக் கட்டுப்பாடு, தாய் சேய் நலச் சேவை, தடுப்பூசி, இலவச வைத்தியம், பெண் கல்வி ஆகியவை சேர்ந்து நமக்குத் தந்த நன்மை இது. இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூற வேண்டும்.

அதே காலத்தில் குடும்பங்கள் சிறுத்தன. ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த வீடுகளில் இன்று இரண்டு, மூன்று பிள்ளைகளே. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 6.6 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2012ஆம் ஆண்டில் அது 12.4 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்கு! பிரான்ஸ் நாட்டில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு நூற்றுக்கு 7 இலிருந்து 14 ஆக உயர ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அதற்குள் அவர்கள் ஓய்வூதியத்தையும் தாதியர் சேவையையும் முதியோர் இல்லங்களையும் அமைத்துக்கொண்டனர். நமக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு காரணமும் உண்டு. 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்தில் இளையோர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தனர். பெற்றோர் பலர் இங்கேயே தங்கினர். அன்று வழியனுப்பியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியிருக்கின்றனர்.

"வயது போய்விட்டது" என்பது நோயின் பெயரல்ல

முதியோருக்கு எது வந்தாலும் "வயது போனால் அப்படித்தான்" என்று கூறி விட்டுவிடுவது நம்மிடையே உள்ள பெரும் பிழை. கண் மங்கினால் அது வெண்புரையாக இருக்கலாம். சத்திர சிகிச்சையினாற் பார்வை திரும்பலாம். காது கேளாவிட்டால் காதுக் குடும்பியோ, கருவியால் உதவக்கூடிய குறைபாடோ காரணமாகலாம். நேற்று வரை தெளிவாகப் பேசிய ஆச்சி இன்று திடீரென ஆளை மாற்றிப் பேசினால், அது கிருமித் தொற்றின், உடலில் நீர் குறைந்ததன் அல்லது மருந்தொன்றின் விளைவாக இருக்கலாம். தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மெல்ல மெல்ல வளரும் மறதிநோய் வேறு. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். சாப்பிட்டதை மறந்து "எனக்குச் சோறு தரவில்லை" என்று அயலாரிடம் முறையிடும் அப்பு பொய் சொல்லவில்லை. அவரது மூளை நோயுற்றிருக்கிறது. அவரோடு வாதிடுவதாற் பயனில்லை. பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புங்கள். அவர் படலையைத் திறந்து போய்விடக்கூடியவராயின், பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டொன்றைச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், நாக்குக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரென ஏற்பட்டாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அறிகுறி தொடங்கிய நேரத்தை மறவாமற் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் அதையே கேட்பார்.

வீட்டிலே செய்யக்கூடியவை

முதலாவது, விழாமற் காத்தல். முதுமையில் எலும்பு நொய்ந்துவிடுகிறது. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. பாசி பிடித்த கிணற்றடி, ஈரமான குளியலறை, இரவில் இருட்டிலே மலசலகூடத்துக்குப் போகும் வழி ஆகியவையே நம் வீடுகளின் பொறிகள். பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். சுவரிற் பிடித்தெழும்ப ஒரு கம்பி பொருத்துங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். படுக்கையை விட்டு எழும்புமுன் சற்றுநேரம் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தக் குளிசை எடுப்போருக்கு இது மிக அவசியம். விழுந்தவர் காலை ஊன்ற முடியாதிருந்தால், எண்ணெய் பூசி உருவாமல் முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, மருந்து. கிளினிக் கொப்பியும் குளிசைகளும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். காலை, மதியம், இரவு என வேறாக்கிக் கொடுங்கள். பார்வை குறைந்தவர் தாமே எடுத்தால் ஒன்றை இருமுறை விழுங்குவார், இன்னொன்றை விட்டுவிடுவார். உடம்பு சுகமாயிருக்கிறது என்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளைத் தாமாகவே நிறுத்தலாகாது. மூட்டுவலிக்குக் கடையிலே கேட்டு வாங்கும் குளிசைகள் சில சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நீரிழிவு உள்ளவரின் பாதங்களை நாள்தோறும் பாருங்கள்; புண் இருப்பதை அவர் உணராமலே இருக்கலாம்.

மூன்றாவது, உணவும் நீரும். வயது செல்லச் செல்லத் தாகம் குன்றும். "கேட்டால் கொடுப்போம்" என்றிராமல் வேளை தவறாது சிறிது சிறிதாகக் கொடுங்கள். வைத்தியர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அதன்படி நடவுங்கள். படுத்தபடி ஊட்டலாகாது, புரைக்கேறினால் சுவாசப்பைக்குள் போய்க் காய்ச்சலை உண்டாக்கும். நிமிர்த்தி இருத்தி ஊட்டி, பின்னரும் அரை மணி நேரம் அவ்விதமே இருக்க விடுங்கள்.

நான்காவது, படுக்கைப்புண். தாமாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்ற வேண்டும். குதி, இடுப்பு, நாரியின் அடி, தோள் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடம் மாறாமல் நின்றால் அது புண்ணின் தொடக்கம். அவ்விடத்தைத் தேய்க்காது, அதன்மேல் பாரம் விழாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவரை யார் பராமரிப்பது?

மேற்கூறியவற்றை மீண்டுமொருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டு மணிக்கொருமுறை என்றால் இரவிலும்தான். நித்திரை ஏது? நாம் முதலிற் கண்ட மகள் இவ்வளவையும் நான்கு ஆண்டுகளாகத் தனியே செய்கிறாள். அத்தகையோருக்கு நாரிப்பிடிப்பும் நித்திரையின்மையும் மனச்சோர்வும் வருகின்றன. ஒருநாள் தாய் மீது எரிந்து விழுவார்கள்; பின்னர் அதற்காக அழுவார்கள். தன் சொந்த இரத்த அழுத்தத்தைச் சோதிக்கவும் அவர்களுக்கு நேரமில்லை. முதியவரின் நலம் அவரைத் தூக்கும் கைகளின் நலத்திலேயே தங்கியிருக்கிறது. அக்கை தளர்ந்தால் இருவரும் விழுவர்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் சகோதரருக்கு ஒன்று கூறுவோம். நீங்கள் அனுப்பும் பணம் வீண்போகவில்லை. மருந்தும் மெத்தையும் அதிலேதான் வருகின்றன. ஆயினும் பணத்தோடு உங்கள் பங்கு முடிந்துவிடவில்லை. இரவுக்கு ஓர் உதவியாளரை அமர்த்தச் சம்பளம் கொடுங்கள். விடுமுறையில் வரும்போது உறவினர் வீடுகளைச் சுற்றுவதில் நாளைக் கழிக்காது, இரண்டு கிழமையாவது தாயின் பொறுப்பை முழுதாக ஏற்று, சகோதரியை ஓய்வெடுக்க அனுப்புங்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் தாயோடு பேசுங்கள். "ஏன் அம்மா மெலிந்துவிட்டா?" என்று தொலைபேசியிற் சகோதரியை விசாரிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அயலவருக்கும் பங்கு உண்டு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒருவர் சென்று அமர்ந்திருந்தால் அந்த மகள் பூசைக்கு வரலாம். வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் இதனைத் தம் வாரப் பணிகளுள் ஒன்றாக ஏற்பார்களானால் பல வீடுகளில் விளக்கெரியும்.

முதியோர் இல்லத்தில் விடுவது பாவமா என்று சிலர் கேட்கின்றனர். வீட்டிலே கவனிக்க ஆளில்லாத போது நல்ல இல்லமொன்றில் சேர்ப்பது பாவமன்று. சேர்த்த பின் போய்ப் பார்க்காமல் விடுவதே பாவம்.

சட்டமும் கட்டளையும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது எனவும் அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை எனவும் கூறுகிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறுவதற்கு அச்சட்டத்தின் கீழுள்ள சபையிடம் விண்ணப்பிக்கலாம். 60 வயதானோர் முதியோர் அடையாள அட்டை பெறவும் வழியுண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நமக்கோ சட்டத்துக்கு முன்னரே கட்டளை உண்டு. மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துகொண்டவர்களை நினைத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை எனக் கூறிக் கடமையிலிருந்து தப்பியவர்கள் அவர்கள். திருவிழாவுக்குப் பெருந்தொகை கொடுத்துப் பெயர் எழுதுவிக்கும் நாமும், வீட்டிலே கிடப்பவரின் படுக்கை விரிப்பு மாற்றப்பட்டதா என்று பார்த்த பின்னர் கோவிலுக்கு வருவது நல்லது.

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்ஸின் சென் செர்வான் நகரில், ஜான் ஜூகான் என்ற ஏழைப் பெண், கண் பார்வையற்ற முதியவள் ஒருத்தியைத் தம்மிடத்துக்குக் கொண்டுவந்து தமது கட்டிலைக் கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அவ்விதம் தொடங்கிற்று. 2009ஆம் ஆண்டில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவ்வீட்டில் அவரோடு வாழ்ந்த வேறிரு பெண்களும் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். புனிதைக்கும் உதவிக் கைகள் தேவைப்பட்டன.

குடும்பமாகச் சிந்திக்க

இன்றிரவு செபமாலையின் பின் இவற்றைக் கலந்து பேசுங்கள்.

1. நம் வீட்டு முதியவர் இரவில் நடக்கும் வழியில் வெளிச்சம் உண்டா?

2. அவருடைய மருந்துகளை அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

3. நம் குடும்பத்திற் பராமரிப்பின் பாரம் யார் தலையில் இருக்கிறது? அவர் கடைசியாக எப்போது முழு இரவு உறங்கினார்?

4. நம் ஒழுங்கையில் அத்தகைய வீடு எது? வரும் ஞாயிறு யார் அங்கே போவது?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லாமல் எழும்ப வேண்டாம்.