அரசாங்கத் தோட்டத்தில் வேலை என்றால் அரசாங்க உத்தியோகமா?



ஹேவாஹெட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் பேச்சு இது: "எங்க தோட்டம் அரசாங்கத் தோட்டம் தானுங்களே ஐயா. அப்போ எங்களுக்கும் பென்சன் வரும் தானே?"

வராது. ஏன் என்று பார்ப்போம்.

1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் பெரும்பாலானவை கம்பனிகளிடம் போயின. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் சில தோட்டங்கள் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்துவிட்டன. 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரவும் ஜனவசம தோட்டமே. ஆனால் ஜனவசம என்பது ஒரு சபை, திணைக்களம் அல்ல. ஆகவே அங்கே பேர் போடுகிறவர் அரச ஊழியர் அல்ல. அவருக்கு உரியது ஈ.பி.எப். பணம். நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நிர்வாகம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஈ.டி.எப். 3 வீதம் வேறு.

பென்சன் இல்லையென்று மனம் தளர வேண்டாம். அரச ஊழியருக்கு இல்லாத ஒரு பலம் நமக்கு உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கத்தின் நேரடி ஊழியருக்குச் செல்லாது. நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலை முதல் ஒக்டோபர் வரை போராடினார்கள். அவர்களுக்குச் சங்கம் உண்டு. ஆனால் முடிவு அமைச்சரவையின் கையில்தான் இருந்தது.

கூட்டுத்தாபனத் தோட்டமோ, கம்பனித் தோட்டமோ, நமக்கு அந்தச் சட்டம் செல்லும். சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் வர்த்தமானியில் வந்தால் இரு தரப்பையும் கட்டும். 1999இன் திருத்தப்படி, தொழிலாளரில் 40 வீதம் பேர் அங்கத்தவராக உள்ள சங்கத்தோடு பேச மாட்டேன் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. கம்பனிகளின் கூட்டு ஒப்பந்தம் 2021இல் நின்றுபோனது. அதன்பின் நாட்சம்பளத்தைச் சம்பளச் சபை தீர்மானித்தது: 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா.

இந்தப் பேச்சுரிமை சும்மா கிடைக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டில்தான் தோட்டச் சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தம் வந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. சம்பளச் சீட்டை வீசாமல் சேர்த்து வையுங்கள்.

2. ஈ.பி.எப். பணம் பிடித்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. கட்டினார்களா என்றும் தொழில் காரியாலயத்தில் கேளுங்கள்.

3. தலைவரும் துரையும் பேசி முடித்ததை எழுத்தில் கேளுங்கள்.

வாய்ப்பேச்சு பிரட்டுக் களத்தோடு போய்விடும். எழுத்துத்தான் நிற்கும்.