ஒற்றைவழிப் பாலங்களின் நாட்டில்

ஐஸ்லாந்தில் கார் ஓட்டப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “வலப்பக்கம் ஓட்டுவது கஷ்டமா?” என்றுதான். ஓட்ட ஓட்ட அது கைக்கு வந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியாகக் கேட்டு வாங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பழகவேண்டிய சங்கதிகள் வேறு.

தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை ஏறக்குறைய 1,320 கிலோமீட்டர். பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். தார்ச்சாலையில் வேக வரம்பு 90, சரளைச் சாலையில் 80. பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரியவேண்டும் என்பது சட்டம்.

வழியில் பல பாலங்களில் ஒரு வண்டிதான் போகலாம். பெரும்பாலும் சிக்னலும் கிடையாது. பாலத்தை யார் முதலில் நெருங்குகிறாரோ அவருக்கு வழி. எதிரே வருபவர் ஒதுங்கி நிற்பார். லைட்டை அடித்துக்கொண்டே நுழையும் நம்மூர் சாமர்த்தியம் அங்கே செல்லாது. சந்தேகமாக இருந்தால் நின்றுவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அந்த மண்ணில் பாலம் கட்டுவதே பெரும்பாடு. தெற்கே ஸ்கெய்தரா ஆற்றுவெளியைக் கடக்கும் பாலம் 1974இல் முடிந்த பிறகுதான் சாலை முழு வட்டமானது. 1996இல் வட்னயோகுல் பனியாற்றின் அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் வெள்ளமாகப் பாய்ந்ததில் அந்தப் பாலமும் சேதமானது. அந்த வெள்ளத்தில் முறுக்கிப் பிழிந்த துணிபோல் ஆன பால உத்தரங்களை ஸ்காஃப்டாஃபெல் அருகே சாலையோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். பலரும் வேகத்தில் தாண்டிவிடுகிறார்கள். என் கணக்கில், அருவிகளைவிட அங்கே அதிக நேரம் நிற்கலாம்.

அடுத்தது காற்று. வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு திறவுங்கள். காற்று கதவைப் பின்னோக்கி மடக்கினால், பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் அதை ஏற்பதில்லை. கோடையில் ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டுத் திரியும். தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமும் நின்றால் வேகத்தைக் குறையுங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம்தான் ஓடும், உங்கள் குறுக்கே.

சுற்றுலாக்காரர்கள் செய்யும் பெரிய அநியாயம், படம் எடுப்பதற்காகச் சாலையிலேயே வண்டியை நிறுத்துவது. மேட்டுக்கு அப்பால் வருபவருக்கு நீங்கள் நிற்பது எப்படித் தெரியும்? நிறுத்துமிடப் பலகை வரும்வரை பொறுங்கள். பாதையைவிட்டு இறக்கிப் பாசிவெளியில் ஓட்டுவதோ குற்றம், அபராதமும் கடுமை. சக்கரத்தடம் ஆற அங்கே பல்லாண்டுகள் பிடிக்கும். ‘எஃப்’ எழுத்தோடு எண் போட்ட மலைச்சாலைகளில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி மட்டுமே போகலாம்.

யோகுல்சார்லோன் ஏரியில் பனிக்கட்டிகள் சாலைப் பாலத்தின் அடியில் மிதந்து கடலுக்குப் போவதை ஆற அமரப் பாருங்கள். ரேனிஸ்ஃபியாரா கருமணல் கரையில் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். அமைதியாக இருக்கும்போதே திடீரென்று பேரலை ஏறிவந்து ஆளை இழுத்துப்போன கரை அது. எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தால் அருகே போகவே வேண்டாம்.

ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருப்பதால் களைப்பு தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருப்போம். கையில் ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் முழு வட்டம் அடிக்கும் ஆசையை விடுங்கள். தெற்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே நிறைய.