ப்ளூடூத் ஏன் கனெக்ட் ஆகலை?

போன ஆண்டு விழாவில் நடனத்துக்குப் பாட்டே வரவில்லை, ஞாபகம் இருக்கா? போனும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருந்தன. ஒத்திகையில் பாட்டுப் போட்ட அக்காவின் போனோடு ஸ்பீக்கர் தானாகவே இணைந்துவிட்டது. அக்காவோ கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்!

பழகிய போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கர் அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் பழைய போனில் ப்ளூடூத்தை அணைக்கணும். பிறகு உங்கள் போனில் செட்டிங்ஸ் போய் ப்ளூடூத்தை ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கரின் ப்ளூடூத் பட்டனை, விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். பட்டியலில் அதன் பெயர் வந்ததும் தொடுங்கள். முன்பு இணைந்தது இப்போ அடம்பிடிச்சா, பட்டியலிலிருந்து அந்தப் பெயரையே நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கணும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் போனைத் திட்டுகிறார்கள்.

(ப்ளூடூத் என்றால் நீலப்பல். 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர்!)

பாட்டு விட்டு விட்டு வருதா? ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகிறது. நம் உடம்பிலுள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். சாதாரணமாக 10 மீட்டர் எட்டுவது, நடுவில் ஆட்கள் நின்றால் குறைந்துபோகும். இந்த வருஷம் போனை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைக்கப்போகிறோம்.