மேட்டு வீட்டுக்கு எந்த மோவர்?

அன்புள்ள கார்த்திக்,

பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸில் வீடு முடிந்துவிட்டதாக உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். புல் வெட்ட சாதாரணத் தள்ளு மோவர் போதுமா, சக்கரம் தானே ஓடுகிற செல்ஃப் ப்ரொப்பெல்டு வகைதான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

செல்ஃப் ப்ரொப்பெல்டு மெஷினில் எஞ்சினின் சக்தி பிளேடுக்குப் போவதோடு, ஒரு பெல்ட் வழியாகச் சக்கரத்துக்கும் போகிறது. தள்ளுகிற பாடு மிச்சம், அவ்வளவுதான். பின்னால் நடப்பதும் திருப்புவதும் உன் வேலை. மாடு இழுத்தாலும் மேழி பிடிப்பவன் நடந்துதானே ஆக வேண்டும்?

எவ்வளவு நடை என்று கணக்குப் போட்டுப் பார். உன் மனை கால் ஏக்கர். வீடும் டிரைவ்வேயும் போக 7,000 சதுர அடி புல் என்று வைத்துக்கொள். மோவரின் அகலம் 21 அங்குலம் என்றாலும், வெட்டிய வரியின் மேல் கொஞ்சம் ஏறித்தான் அடுத்த வரியை ஓட்ட வேண்டும். அதனால் ஒரு நடைக்கு ஒன்றரை அடிதான் தேறும். மொத்தம் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர். தள்ளு மோவரே 30 கிலோவை ஒட்டி இருக்கும். தரை சமமாக இருந்தால் உன் வயதுக்கு அதை நல்ல உடற்பயிற்சி என்று சொல்லி, மிச்சப் பணத்தை வங்கியில் போடச் சொல்லியிருப்பேன். பிட்ஸ்பர்க் பக்கம் சமதரைக்கு எங்கே போவது? உன் பின்புறம் வீட்டிலிருந்து வேலி வரைக்கும் சரிவு. மே மாதம் புல் மளமளவென்று வளரும்போது வாரம் தவறாமல் அந்த மேட்டில் தள்ளினால் முதுகு பதில் சொல்லும். ஆகவே உனக்குச் சக்கரம் ஓடுகிற வகைதான்.

அதிலும் எந்தச் சக்கரம் ஓடுகிறது என்று பார்த்து வாங்கு. முன்சக்கரம் ஓடுவது விலை குறைவு. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கினால் சட்டென்று திரும்பும். மரமும் பூப்பாத்தியுமாக உள்ள சமதரைக்கு அது சௌகரியம். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும். பின்னால் தொங்கும் பையில் வெட்டிய புல் நிறைந்தால் இன்னும் சாயும். முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றும், நீதான் தள்ளுவாய். பின்சக்கரம் ஓடுவதில் அதே பாரம் உனக்கு உதவியாகிறது. நான்கு சக்கரமும் ஓடுவது விலையும் எடையும் கூட. உன் சரிவுக்கு அது தேவையில்லை.

ஒரே வேகத்தில் ஓடுவதை வாங்காதே. மருமகளும் வெட்டுவாள் என்றாய். இருவர் நடையும் ஒன்றல்ல. கைப்பிடியை அழுத்துகிற அளவுக்கு வேகம் கூடிக் குறைகிற மாடல்கள் டோரோ கம்பெனியில் உண்டு. கடையிலேயே இருவரும் பிடித்துப் பாருங்கள்.

இனி குறைகளையும் கேட்டுக்கொள். தள்ளு மோவரைவிட விலை அதிகம், எடையும் அதிகம். முன்னால்தான் ஓடும், பின்னால் ஓடாது. மூலையில் மாட்டினால் அத்தனை எடையையும் நீதான் இழுக்க வேண்டும். குறுகலான இடத்தில் சக்கரத்தை ஓட்டும் டிரைவை விட்டுவிட்டுக் கையால் தள்ளுவதே சுலபம். பழுதாகிற சாமான்களும் கூடுதல். பெல்ட் தேயும், கேபிள் தளரும், சக்கரத்தின் உள்பல் மழுங்கும். வேகம் குறைந்ததாகத் தோன்றினால் உடனே ரிப்பேருக்குத் தூக்காதே. கேபிளை இறுக்கிப் பார். சக்கர மூடியைக் கழற்றி உள்ளே அடைத்த புல்லைச் சுரண்டி எடு. பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

பேட்டரியில் ஓடுவதில் சத்தம் குறைவு. எண்ணெய், பெட்ரோல் தொல்லையும் இல்லை. சக்கரமும் அதே சார்ஜில்தான் ஓட வேண்டும் என்பதால் மேட்டில் சீக்கிரம் தீரும். வாங்கினால் பெரிய பேட்டரியாக வாங்கு. பெட்ரோல் வகை என்றால் குளிர்காலத்துக்கு முன் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதே, கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பழைய ஹோண்டா ஒன்று மலிவாக வருகிறது என்றாயே, அமெரிக்காவில் அவர்கள் மோவர் தயாரிப்பை 2023-இல் நிறுத்திவிட்டார்கள். மெஷின் நல்ல மெஷின்தான். உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுக் காசைக் கொடு.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பு. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டாதே, குறுக்காக ஓட்டு; மேட்டில் ஏற்றுவது வரி மாறும்போது மட்டும். மேலே ஏற்றும்போது கால் வழுக்கினால் மெஷின் உன் மேலேயே வரும். இறக்கத்தில் வழுக்கினால் உன் கால் பிளேடுக்கு அடியில் போகும். மழை விட்ட ஈரத்தில் வெட்டவே வேண்டாம்; சக்கரமும் வழுக்கி, புல்லையும் பிய்த்துப் போடும். தடுப்புச்சுவர் ஓரத்தில் டிரைவை விட்டுவிட்டுக் கையால் தள்ளு. கைப்பிடிக் கம்பியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. அந்தக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அதைச் செய்யாதே. ரப்பர் செருப்போடு இறங்கும் ஊர்ப் பழக்கமும் வேண்டாம், ஷூ போடு. குழந்தை வீட்டுக்குள் இருக்கட்டும்.

சுருக்கமாக: 21 அங்குலம், பின்சக்கர ஓட்டம், வேகம் மாற்றும் வசதி. ஏப்ரல் முடிவதற்குள் வாங்கிவிடு, மே பிறந்தால் புல் உனக்காகக் காத்திருக்காது. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா