பொரியல் முதலில், சோறு பிறகு

சாப்பாட்டைக் குறைக்காமலே ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு: சாப்பிடும் வரிசையை மாற்றுவது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனை இது. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வெவ்வேறு நாள்களில் வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். காய்கறியும் கோழிக்கறியும் முதலில், ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் கால் மணி நேரம் கழித்து என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை அளவு சுமார் 37% குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை.

பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் என இலையில் இருப்பதில் பாதியை முடித்துவிட்டுச் சோற்றைப் பிசையுங்கள். நார்ச்சத்தும் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். உருளைக்கிழங்கு வறுவல் இந்தக் கணக்கில் வராது, அதுவும் மாவுச்சத்துதான்!

சாப்பிட்டதும் கட்டிலைத் தேடாமல் பத்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.