லெஸ்லி ஒலிபெருக்கியும் ஒரு சின்ன ரிலேயும்



ஆண்டு மலருக்குத் துறை சார்ந்த கட்டுரை ஒன்று வேண்டும் என்று மாணவர் மன்றத்தார் கேட்டார்கள். சாதித்ததைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதைவிட நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. நம் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமோ முடித்த நான், இப்போது அமெரிக்காவில் சிகாகோ நகரில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கும் ஒரு கடையில் வேலை செய்கிறேன்.

லெஸ்லி என்பது என்ன?

லாரன்ஸ் ஹாமண்டின் மின் ஆர்கன் 1935-ல் இதே சிகாகோவில் விற்பனைக்கு வந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் இதை வாங்கின. அதன் ஓசை அசைவில்லாமல் தட்டையாக இருப்பதாகக் கலிபோர்னியாவைச் சேர்ந்த டொனால்ட் லெஸ்லிக்குப் பட்டது. அதற்கு உயிர் கொடுக்க அவர் செய்ததுதான் சுழலும் ஒலிபெருக்கி.

பார்வைக்கு ஒரு மர அலமாரி. கீழே 15 அங்குல ஸ்பீக்கர் தரையைப் பார்த்து இருக்கும். அதனடியில் ஒரு டிரம் சுழலும். மேலே இரண்டு வாய் கொண்ட ஹாரன் சுழலும். அதில் ஒரு வாய் வழியாகத்தான் ஓசை வரும். மற்றது எடை சமநிலைக்காக. 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசை ஹாரனுக்கும், கீழ்ப்பட்டது டிரம்முக்கும் போகும். ரயில் நெருங்கும்போது விசில் சுருதி ஏறி, விலகும்போது இறங்குகிறதே, அந்த டாப்ளர் விளைவுதான் இங்கேயும்.

வேகம் இரண்டு: நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று, சுமார் 400 சுற்று. ஹாரனுக்கும் டிரம்முக்கும் தனித்தனியே ஒரு மெது மோட்டார், ஒரு வேக மோட்டார். வாசிப்பவர் ஸ்விட்சைத் தட்டினால் மின்சாரத்தை ஒரு ஜோடியிலிருந்து மறு ஜோடிக்கு மாற்றுவது ரிலே. 147 என்ற மாடலில் அந்த ரிலேயின் சுருளுக்கு 117 வோல்ட் ஏ.சி. வருகிறது.

நான் செய்த தப்பு

ஒரு தேவாலயத்தின் 147 வேகத்தை மாற்ற மறுத்தது. ஸ்விட்சைத் தட்டினால் ரிலேயில் 'டக்' சத்தமே இல்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன், சுருள் அறுந்திருந்தது. அட, இவ்வளவுதானா! பெட்டியில் கிடந்த ரிலேக்களில் 120 வோல்ட் ஏ.சி. சுருள் உள்ள சின்ன ரிலே ஒன்றை எடுத்து மாட்டினேன். அழகாக வேலை செய்தது. காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அங்கே ஓர் இறுதிச் சடங்கு. முதல் பாட்டின் பாதியில் ஒலிபெருக்கி வேகத்திலேயே மாட்டிக்கொண்டது. அமைதியாக நிற்க வேண்டிய பாட்டு நடுங்கிக்கொண்டே வந்ததாம். ஆர்கன் வாசிக்கும் வயதான அம்மா எழுந்து போய்ப் பியானோவில் முடித்திருக்கிறார். திங்கட்கிழமை போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பாட்டை ஆர்கனில் வாசிக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், மகனே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ரிலேயைத் திறந்து பார்த்தேன். காண்டாக்ட் இரண்டும் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கிடந்தன. அது 1 ஆம்பியர் காண்டாக்ட். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். இணைப்பைத் துண்டிக்கும்போது அதன் சுருளில் சேர்ந்துள்ள ஆற்றல் காண்டாக்ட் நடுவே தீப்பொறியாகத் தாவும். இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை.

லேபில் எங்கள் சார் சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "ரிலேக்கு ரெண்டு வீடுடா. சுருள் ஒரு வீடு, காண்டாக்ட் ஒரு வீடு. ஒரு வீட்டை மட்டும் விசாரிச்சுட்டு சம்பந்தம் பேசாதே." அன்று வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சரியான முறை

1. ஆர்கனிலிருந்து லெஸ்லிக்கு வரும் கேபிளைக் கழற்றுங்கள். மெயின்ஸ் அதன் வழியாகத்தான் வருகிறது. உள்ளே இருப்பது வால்வு ஆம்ப்ளிஃபயர். கெபாசிட்டர்களில் சுமார் 400 வோல்ட் டி.சி. தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

2. 'டக்' சத்தம் வருகிறதா என்று முன்பே கவனித்திருக்க வேண்டும். வந்தும் வேகம் மாறவில்லை என்றால் காண்டாக்டையோ மோட்டாரையோ சந்தேகியுங்கள். வராவிட்டால் சுருளின் ரெசிஸ்டன்ஸையும் அதற்கு வரும் வோல்டேஜையும் பாருங்கள்.

3. புது ரிலேயில் சுருளின் வோல்டேஜ், அது ஏ.சி.யா டி.சி.யா, காண்டாக்டின் ஆம்பியர், அது மோட்டார் சுமைக்கு ஏற்றதா என்ற நான்கையும் பாருங்கள். நான் மறுபடி போட்டது 10 ஆம்பியர் காண்டாக்ட் உள்ள 8 பின் ரிலே. சாக்கெட்டில் செருகுவது, அடுத்து வருபவர் சால்டரிங் இல்லாமலே மாற்றலாம்.

4. அதில் இரண்டு செட் காண்டாக்ட் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் பலம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே கணத்தில் திறப்பதில்லை. கடைசியில் திறப்பதுதான் முழுத் தீப்பொறியையும் வாங்கும்.

5. மெயின்ஸுக்கென்றே செய்த 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, ஒவ்வொரு காண்டாக்டுக்கும் குறுக்கே போடுங்கள். தீப்பொறி அடங்கும்.

6. ஒருமுறை வேலை செய்ததும் கிளம்பிவிடாதீர்கள். நான் இப்போதெல்லாம் ஐம்பது தடவை வேகத்தை மாற்றிப் பார்க்கிறேன்.

இரண்டாவது வேலைக்கு நான் காசு வாங்கவில்லை. அந்த அம்மா உட்கார்ந்து, சடங்கன்று நின்றுபோன பாட்டை மெதுவான வேகத்தில் முழுவதும் வாசித்தார். கடைசி வரியில் ஸ்விட்சைத் தட்டினார். 'டக்'. ஹாரன் உடனே வேகமெடுத்தது. கனமான டிரம் கொஞ்சம் பின்தங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டது.

நாளை நீங்கள் தொடப்போவது லிஃப்டாக இருக்கலாம், ஆஸ்பத்திரி கருவியாக இருக்கலாம். பாகத்தின் மேல் எழுதியிருக்கும் ஒரு எண் பொருந்திவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். இரண்டு வீட்டையும் விசாரியுங்கள்.

— முன்னாள் மாணவன், மின்னணுவியல் துறை